மூக்கோரத்தில் ஒரு சதை

கண்ணில் சதை வளர்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒரு பதில் கிடைக்காது, ஊர்ப்பட்ட பதில் கிடைக்கும். அளவுக்காரி இதைப் பத்து மாதத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டாள். அவளுடைய வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில், வெள்ளையிலிருந்து கிளம்பிக் கறுப்பை நோக்கி முக்கோணமாக ஒன்று நீண்டுகொண்டிருந்தது. வெளிர்சிவப்பு நிறம், உள்ளே மெல்லிய ரத்தக்குழாய்கள். முதலில் தூசி என்று நினைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினாள். பிறகு முடி ஒட்டியிருக்கிறது என்று கைக்குட்டை முனையை முறுக்கி எடுக்கப் பார்த்தாள். அது வந்துபோகிற சாமான் இல்லை, தங்க வந்த சாமான் என்று புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உடம்புச் சூடு," என்று ஒரு சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார். பக்கத்து டயர் கடைக்காரர், "அழுத கண்ணீர் உள்ளயே தேங்கினா இப்படி ஆகும்," என்றார். "நான் அழுது எட்டு வருஷமாச்சு," என்றாள் அளவுக்காரி. "அதான், வெளிய வராமத் தேங்கியிருக்கு," என்றார் அவர். அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது.

நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, வாரத்துக்கு ஒரு புதுக் காரணத்தோடு வருகிறவள். ஒரு வாரம் வெங்காயம். அடுத்த வாரம் போன். அதற்கடுத்த வாரம் ஃபேனுக்கு நேராகப் படுப்பது.

"அண்ணி, நீங்க வலது பக்கமாத்தான ஒருக்களிச்சுப் படுப்பீங்க?"

"ஆமா."

"அதான். வலது கண்ணுல வந்திருக்கு."

"நீயும் அப்படித்தான படுப்ப?"

"எனக்கு இன்னும் வரலையே," என்றாள் நாத்தனார், நியாயத்தை முடித்துவைத்தவள் முகத்தோடு.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் உள்ளுக்குள் அளவுக்காரி கேட்டுக்கொண்டே இருந்தாள். புற்றா? கட்டியா? ஒரு நாள் இந்தச் சதை முழுக் கண்ணையும் மூடிவிடுமா? இவ்வளவு பேர் இவ்வளவு சொல்கிறார்களே, எதை விடுவது, எதைப் பிடிப்பது? போனை விட்டாள், வெங்காயத்தைக் கணவரை நறுக்கச் சொன்னாள், ஃபேனை நகர்த்தி வைத்தாள். சதை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளை எல்லோரும் அளவுக்காரி என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவளுடைய டேப். அவள் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இப்படி இரும்பில் எது கேட்டாலும் செய்வார். வீடு வீடாகப் போய் அளவு எடுப்பது அவள். பட்டறைக்கு வந்து பைப்பின்மேல் சாக்பீஸால் கோடு போடுவதும் அவள். அவள் கோட்டில் வெட்டினால் வெட்டியது பொருந்தும். "மூலைமட்டம் தோத்துடும், என் வீட்டுக்காரி கண்ணு தோக்காது" என்று பட்டறைக்காரர் வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார். பத்துப் பேர் முன்னால் அதைக் கேட்கும்போது அவள் டேப்பைச் சுருட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் கேட்காமல் நகர்ந்ததே இல்லை.

கோடு போட்டபின் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. அவர் பற்றவைக்கும்போது துண்டு அசையாமல் பிடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தவளை, ஆள் வரவில்லை என்று அவர்தான் கூப்பிட்டார். "இத ஒரு நிமிஷம் அழுத்திப் புடி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. தீயை மட்டும் பாத்துடாத, கண்ணு போயிடும்." அந்த ஒரு நிமிஷம் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது.

பட்டறையில் இருந்தது கறுப்புக் கண்ணாடி வைத்த ஒரே ஒரு மாஸ்க். இரண்டாவது வாங்க முடியாது என்றில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். பார்க்கிறவனுக்கு மாஸ்க், பிடிக்கிறவனுக்குத் திரும்பிய கழுத்து. அளவுக்காரி வலது கையால் துண்டை அழுத்தி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, பைப்பின் அந்தக் கடைசி முனை தூக்கிக்கொள்கிறதா என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். தீ அவளுடைய வலது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் எரியும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைப் பார்த்ததில்லை. மற்ற பட்டறைகளில் தீயைப் பார்த்துவிட்டுச் சாயங்காலமானால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் துடிப்பவர்கள் உண்டு; அவளுக்கு அது வந்ததில்லை. அதிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் முதலில் கீறல் விழுந்தது. டேப்பில் அங்குலங்களுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தன. பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின் நிழல் மற்றொன்று மாதிரி. வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தாள். டேப் பழசு என்று நினைத்தாள். புது டேப்பிலும் இரண்டாகத்தான் தெரிந்தது. வலது கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அளவு எடுப்பதை வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று திறந்தபடியே குத்துமதிப்பாக வைத்தாள். அளவுக்காரி குத்துமதிப்பாக வைத்த முதல் அளவு, ஒரு பல் மருத்துவமனையின் ஜன்னல் கம்பி. இரண்டு நூல் கூடிப்போயிற்று. கால் அங்குலம்தான். ஆனால் சட்டம் சுவருக்குள் உட்காராமல் முறைத்துக்கொண்டு நின்றது.

பட்டறைக்காரர் அவளைத் திட்டவில்லை. "என் கைத்தப்பு," என்று வாடிக்கையாளரிடம் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு, கழற்றிவந்து, வெட்டி, மறுபடி பற்றவைத்துக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்து அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது, அவள் போட்ட கோட்டின்மேல் அவர் தன் டேப்பை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் டேப்பைச் சட்டென்று பையில் போட்டுவிட்டு, எதையோ தேடுவதுபோல் தரையைப் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல… ஒரு நட்டு."

 பதினெட்டு வருஷத்தில் அவள் கோட்டின்மேல் இன்னொரு டேப் விழுந்தது அதுதான் முதல் தடவை. கண் போவது ஒரு பயம் என்றால், இது வேறு பயம். கண் பாதி போனால் மீதியை வைத்துச் சமாளிக்கலாம். இந்தப் பட்டறையில் தன் இடம் போனால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு பட்டறைக்காரர் காரணம் தேடுகிற வேலையைக் கையில் எடுத்தார். அவருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே ஒரு காரணம் இருக்க வேண்டும், அதைக் கையால் பிடித்துத் தூக்கி வெளியே போட முடிய வேண்டும். மிஷின் நின்றால் வயரைப் பார்ப்பார், வண்டி நின்றால் பிளக்கைப் பார்ப்பார். மனைவியின் கண்ணுக்கு அடுப்பைப் பார்த்தார். புகைதான் என்று முடிவு கட்டி, சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுப் புகைபோக்கி மாட்டினார். சதை வளர்ந்தது. கண் மையைத் தூக்கிக் குப்பையில் போட்டார். சதை வளர்ந்தது. கிரைண்டர் தூசிதான் என்று அவளைக் கிரைண்டர் பக்கமே விடவில்லை. "நான் தேய்க்கும்போது நீ தள்ளி நில்லு. பத்தவைக்கும்போது மட்டும் வந்து புடிச்சாப் போதும்," என்றார் அக்கறையாக. அவளும் அப்படியே செய்தாள்.

ஒரு பெரிய மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னாள். பெயர், வயது, தொழில். பட்டறைக்காரர்தான் எழுதினார். தொழில் என்ற இடத்தில் யோசிக்கவே இல்லை. "வீட்டு வேலை" என்று எழுதினார். அளவுக்காரியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவளுக்கும் தப்பாகத் தோன்றவில்லை. வெல்டர் என்றால் தீயைப் பற்றவைக்கிறவர். அவள் சும்மா பிடிக்கிறவள்தானே. உள்ளே இருந்த இளம் டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பட்டறைக்காரரின் பொறி பட்டுப் பொசுங்கிய சட்டைக் கையைப் பார்த்து, "நீங்க வெல்டரா? உங்க கண்ணைக் காட்டுங்க," என்று அவர் கண்ணை ஐந்து நிமிஷம் சோதித்துவிட்டு, "சுத்தமா இருக்கு, மாஸ்க் போடுறீங்க, நல்லது," என்று பாராட்டி அனுப்பினார். அவளுக்கு ஒரு சொட்டு மருந்து கிடைத்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் குழம்பினாள். நாள் பூராவும் தீயையே முறைத்துப் பார்க்கிறவர் கண் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஒரு நாளும் பார்க்காதவள் கண்ணில் சதை ஏறுகிறது. இது எந்த ஊர் நியாயம்? பார்க்காததற்குத் தண்டனையா? யாரிடம் கேட்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் டயர் கடைக்காரர் மாதிரி இன்னொருவர் இன்னொன்று சொல்வார்.

கடைசியில் நாத்தனார்தான் ஒரு நல்ல காரியம் செய்தாள். அவளுக்குப் பழக்கமான ஒரு டாக்டரம்மா, சின்ன கிளினிக், முன்னறையில் நாலு நாற்காலி, ஒரு மீன் தொட்டி. அங்கேயும் தாள் இருந்தது. அங்கேயும் பட்டறைக்காரர் "வீட்டு வேலை" என்றே எழுதினார். டாக்டரம்மா தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நேராக அளவுக்காரியின் கையைப் பார்த்தார். வலது முன்கையில் மட்டும் சின்னச் சின்னதாகக் கறுப்புத் தழும்புகள். இடது கையில் ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் என்னம்மா? எண்ணெய் தெறிச்சதா?"

"இல்ல, பொறி."

"என்ன பொறி?"

"வெல்டிங் பொறி. இவர் பத்தவைப்பார், நான் புடிப்பேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "எத்தன வருஷமா?"

"பதினெட்டு வருஷமா. ஆனா டாக்டர், நான் ஒரு நாள்கூட தீயைப் பாத்ததில்ல. சத்தியமா. முகத்தைத் திருப்பிக்குவேன்."

"எந்தப் பக்கம் திருப்புவீங்க?"

அவள் திருப்பிக் காட்டினாள். உட்கார்ந்த இடத்திலேயே வலது கையை நீட்டி, இல்லாத பைப்பை அழுத்தி, இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினாள். அத்தனை பழக்கமான திருப்பம்.  டாக்டரம்மா எழுந்துபோய் விளக்கை அணைத்தார். அறை இருண்டது. "ஐயா, நீங்க இங்க வந்து உக்காருங்க," என்று பட்டறைக்காரரை அவள் முன்னால் உட்காரவைத்து, ஒரு பேனா டார்ச்சை எடுத்து, அவருடைய வலது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார். "நேரா பாருங்க. அசையாதீங்க. அம்மா, இப்ப அவர் கண்ணைப் பாருங்க."

அளவுக்காரி குனிந்து பார்த்தாள். டார்ச் அடிப்பது காதுப் பக்கம். ஆனால் கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சப் புள்ளி விழுந்திருப்பது மூக்குப் பக்கம், கறுப்பும் வெள்ளையும் சேர்கிற விளிம்பில். டார்ச்சை லேசாக நகர்த்தினால் புள்ளியும் நகர்ந்தது, ஆனால் அந்த விளிம்பை விட்டுப் போகவில்லை.

"கருவிழி வளைஞ்சிருக்குல்ல, அது பக்கத்துல இருந்து வர்ற வெளிச்சத்தைக் குவிச்சு அந்தப் பக்க ஓரத்துல போடும். வெல்டிங் தீயில கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கு. வெயில்லயும் அதேதான். அது வருஷக்கணக்கா ஒரே இடத்துல விழுந்தா, வெண்விழி மேல இருக்குற மெல்லிசான தோல் தடிச்சு கறுப்பு மேல ஏறும். உங்களுக்கு எங்க ஏறியிருக்கு?"

அளவுக்காரியின் விரல் தானாக மூக்கோரத்துக்குப் போயிற்று.

"அப்ப… இது புத்து இல்லையா?"

"இல்லம்மா. புத்து இல்ல. ஆனா கறுப்பை இழுத்து வளைவைக் கெடுத்துடுது. கோடு ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதான் காரணம். எடுத்துடலாம். உங்க கண்ணுலயே மேல இருந்து கொஞ்சம் தோல் எடுத்து அந்த இடத்துல வச்சுடுவோம்."

"நான் நேராப் பாத்திருந்தா வந்திருக்காதா?"

"பாத்திருந்தா வேற கெடுதல் வந்திருக்கும். பாத்தீங்களா பாக்கலையாங்குறது இல்ல விஷயம். கண்ணுக்கு முன்னாடி கறுப்புக் கண்ணாடி இருந்துச்சா இல்லையாங்குறதுதான்." டாக்டரம்மா விளக்கைப் போட்டார். "இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். வெயில், காத்து, தூசி, சில குடும்பத்துல பரம்பரையாவும் வரும். ஆனா எடுத்தபிறகும் இதே மாதிரி நின்னீங்கன்னா திரும்ப வளரும். அத அடிச்சே சொல்வேன்."

மூன்று வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். பட்டறைக்காரர் அந்த நாற்காலியிலிருந்து எழவே இல்லை. டார்ச் அணைந்து வெகுநேரம் ஆகியும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

 வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "நான்தான் சொன்னேன்," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"திருப்பிக்கோன்னு. முத நாள் நான்தான சொன்னேன். அடுப்புக்குப் புகைபோக்கி மாட்டினேனே. கண் மையைத் தூக்கிப் போட்டேனே. கிரைண்டர் கிட்ட வராதேன்னு தள்ளி நிறுத்திட்டு, பத்தவைக்கும்போது வான்னு கூப்பிட்டேனே." அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அளவுக்காரிக்குக் கோபப்படுவதா, அழுவதா, அவரைத் தேற்றுவதா என்று தெரியவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. அவர்மேல் கோபம் வந்தது நிஜம். இத்தனை வருஷம் ஒரு மாஸ்க் வாங்க உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்கலாம். ஆனால் எனக்கும்தானே தோன்றவில்லை என்று உடனே உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் நல்லது நினைத்துச் சொன்னார். நல்லது நினைத்துச் சொன்னதுதான் கண்ணில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? கடைசியில் அவள், "செருப்பைக் கழட்டுங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை அவள் முன்னதாகவே பட்டறைக்குப் போய்விட்டாள். ஒரு மரக்கடைக்குப் பெரிய இரட்டைக் கதவு கேட். சட்டம் வெட்டி மேடைமேல் கிடந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, திறந்துகொண்டு ஒரு தடவை, மறுபடி மூடிக்கொண்டு ஒரு தடவை அளந்தாள். கோடு சரியாக இருந்தது. யார் பார்த்தால் என்ன, இனிமேல் மூடிக்கொண்டே அளப்பேன் என்று முடிவு செய்தாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. பட்டறைக்காரர் இறங்கினார். கையில் பளபளவென்று புது மாஸ்க், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அளவுக்காரிக்கு மனசு நிறைந்துபோயிற்று. ராத்திரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் விடிந்ததும் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாரே என்று, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் இன்னொருவர் இறங்கினார். நாத்தனாரின் கணவர். என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் "சும்மாதான் இருக்கேன்" என்று பதில் சொல்லிச் சொல்லி, அவருக்குச் சும்மா என்றே பெயராகிவிட்டது. பட்டறைக்காரர் மாஸ்கை உறையிலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தார்.

"இனிமே மாப்ள புடிக்கட்டும்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ உள்ள நிழல்ல உக்காந்து போன் வந்தா எடு, போதும்."

"அளவு?"

"அளவும்… நான் பாத்துக்குறேன்."

அளவுக்காரி அந்த மாஸ்கையே பார்த்தாள். இவர் தன்னைக் காப்பாற்றுகிறாரா, தள்ளிவிடுகிறாரா? இரண்டும் ஒரே காரியமாக இருக்க முடியுமா? நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் அவளுக்கு வந்ததில் சந்தேகமே இல்லை. அது கோபம்தான்.

"கண்ணுலதான கோளாறு? என்கிட்டயா கோளாறு?"

"அப்படி இல்ல…"

"ஒத்தக் கண்ணுல, மூக்கோரத்துல கொஞ்சம் சதை. அத டாக்டர் வெட்டி எடுப்பாங்க. நீங்க எதுக்கு என் பதினெட்டு வருஷத்தையும் சேத்து வெட்டுறீங்க?"

"நீ அங்க நின்னா என் கை வராதும்மா." அவர் குரல் உடைந்தது. "வெல்டிங் ராடைத் தொட்டா உன் கண்ணுதான் ஞாபகம் வருது. நான் சொன்ன வார்த்தையாலதான…"

"நீங்க சொன்னது பாதி, நான் கேட்டது மீதி. ரெண்டு பேரும் தெரியாமத்தான் செஞ்சோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறமும் என்னை ஒதுக்கி உக்காரவச்சா, அது தெரிஞ்சே செய்யுறது."

டயர் கடைக்காரர் தன் கடை வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார். கண்ணீர் தேங்குவதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, அளவுக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அளவுக்காரி சும்மாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "தம்பி, அதக் குடுங்க."

சும்மாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. "நான் வேணா டீ வாங்கிட்டு வரேங்க்கா," என்று மாஸ்கைக் கொடுத்துவிட்டு, யாரும் மறுக்குமுன் தெருவைக் கடந்துவிட்டார்.

அளவுக்காரி மாஸ்கைத் தலையில் மாட்டி முன்னால் இறக்கினாள். கும்மிருட்டு. தன் கையே தெரியவில்லை. "என்னங்க இது? இதப் போட்டா முழுக் குருடால்ல இருக்கு?" என்று பதறினாள்.

"பத்தவச்சாத்தான் தெரியும்," என்றார் பட்டறைக்காரர் மெதுவாக. அவர் இன்னும் நகரவில்லை.

"அப்பப் பத்தவையுங்க."

தடவித் தடவி மேடையைக் கண்டுபிடித்தாள். மூலையில் துண்டை வைத்து வலது கையால் அழுத்தினாள். அழுத்தியதும் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. அவள் அதைக் கஷ்டப்பட்டு நேராகக் கொண்டுவந்தாள். அது மறுபடி திரும்பப் பார்த்தது, மறுபடி கொண்டுவந்தாள். பதினெட்டு வருஷம் பழகிய கழுத்து ஒரு காலையில் சொன்ன பேச்சைக் கேட்குமா என்ன?

அவர் காலடி நெருங்கியது. மாஸ்க் இறங்குகிற சத்தம் கேட்டது. "நேரா பாரு," என்றார் அவர். முதல் நாள் சொன்னதை மாற்றிச் சொல்ல அவருக்கு இத்தனை நாள் ஆயிற்று. ராடு இரும்பைத் தொட்டது.

இருட்டின் நடுவில் பச்சையாக ஒரு வெளிச்சம் பிறந்தது. இரண்டாகத் தெரிந்தது, வலது கண்ணை மூடினாள், ஒன்றாயிற்று. ஊரே பயப்படுகிற தீ ஒரு மிளகு அளவுக்குத்தான் இருந்தது. அதற்கு அடியில் இரும்பு வெல்லப்பாகு மாதிரி இளகி, இந்தத் துண்டின் விளிம்பும் அந்தத் துண்டின் விளிம்பும் கரைந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, பின்னாலேயே ஆறி இறுகிக்கொண்டு வந்தது. இவ்வளவு வருஷம் தன் கைக்குக் கீழே இதுதான் நடந்துகொண்டிருந்ததா? ஆயிரம் கேட் பிடித்திருக்கிறாள். இரண்டு இரும்பு ஒன்றாவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.  மாஸ்குக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதாள்.

தீ அணைந்தது. அவர் மாஸ்கைத் தூக்கி, சின்னச் சுத்தியலால் மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டு, அடுத்த மூலைக்குப் போகத் திரும்பினார்.

"இருங்க," என்றாள் அளவுக்காரி. "இங்க இன்னும் முடியல. என் பக்கத்துல, அடியில, ஒரு நூல் இடத்துக்கு ஒட்டவே இல்ல. தீ அதத் தாண்டிப் போயிடுச்சு."

பட்டறைக்காரர் நம்பாமல் குனிந்தார். அவர் நின்ற பக்கத்திலிருந்து தெரியாத இடம். சுற்றி வந்து, விரலால் தடவி, நகத்தை உள்ளே விட்டுப் பார்த்தார். மெல்லிசாக ஒரு இடைவெளி இருந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபுடிச்ச?"

"பாத்தேன்," என்றாள் அவள்.